முதலீடு செய்யப்படும்

டைல்ஸக்காவின் புருஷன் அந்த நாட்டுக்குப் போனது சண்டை போடுவதற்காக. அங்கிருந்து கப்பலில் வந்த மூன்றாவது கண்டெய்னரில் பாதிப் பெட்டிகள் உடைசல். பிரித்துப் பார்த்தால் உள்ளே டைல்ஸ் இல்லை, சில்லு. "நேர்ல போய் அவங்க எதிர்ல உக்காருங்க. நஷ்டஈடு வாங்காம எழுந்திரிக்காதீங்க" என்று சொல்லி, ஒவ்வொரு ரகத்திலும் ஒரு சில்லைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பினாள். எட்டு நாள் கழித்து ஆள் திரும்பி வந்தார். நஷ்டஈடு வரவில்லை. பித்தளைப் பலகை ஒன்று வந்தது.

"என்னங்க இது?"

"என்னைத் தூதரா போட்டிருக்காங்க. கௌரவத் தூதர். நம்ம மாகாணம் முழுக்க அவங்களுக்கு நான்தான்."

"உடைஞ்ச சரக்குக்கு என்ன சொன்னாங்க?"

"இப்ப போய் அதக் கேக்க முடியுமா? மரியாதையா இருக்காது."

"சம்பளம்?"

"அதான் கௌரவம்னு சொன்னேன்ல."

அந்த டைல்ஸ் கம்பெனி முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே வெளியுறவு இலாகாவில் பெரிய நாற்காலியில் இருந்தார். பணத்தைக் கொடுப்பதைவிடப் பதவியைக் கொடுப்பது அவர்களுக்குச் சல்லிசாக முடிந்துவிட்டது. ஏமாந்ததற்கு அத்தாட்சியாகக் கொடுத்த பலகையை ஏமாந்தவரே விமானத்தில் மடியில் வைத்துச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். டைல்ஸக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் மெருகு போடவில்லை.

கடை நகரத்தின் பெரிய சாலையில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. கீழே தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், குழாய்கள். மாடியில் வாஷ்பேசின்களும் கக்கூஸ் கோப்பைகளும். பதினெட்டு வருஷமாகக் கடையை நடத்துவது அவள்தான். அவர் பார்ப்பது வெளிவேலை. வெளிவேலை என்றால் பேச்சு. டைல்ஸக்கா என்பது கொத்தனார்களும் கான்ட்ராக்டர்களும் வைத்த பெயர். நாளடைவில் பேங்க் மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

பலகை வந்த வாரமே மாடி காலியானது. பேசின்களும் கோப்பைகளும் மாடிப்படிக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. அவை இருந்த இடத்தில் ஒரு பெரிய மேஜை, சுழல் நாற்காலி, கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த நாட்டு ஜனாதிபதி, கம்பத்தில் கொடி, ஒரு ரப்பர் முத்திரை. காரின் மூக்கில் சின்னக் கொடி. புருஷன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினார். தெருவில் எல்லோரும் அவரைத் தூதர் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடாதவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். முதல் வருஷத்தில் தூதரகத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தபால்காரர். ஒருவர் மாடியில் இன்னும் வாஷ்பேசின் இருக்கிறது என்று நினைத்து ஏறியவர். மூன்றாமவர் அவசரமாகக் கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தவர்.

டைல்ஸக்காவுக்குக் கோபம் வரவில்லை. இளக்காரம்தான் வந்தது. அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியும். கொடி வைத்த காரில் முதல் தடவை போனபோது முச்சந்தியில் போலீஸ்காரர் சலாம் அடித்தார். அவள் கை தானாகப் போய்த் தலைமுடியை ஒதுக்கிவிட்டது. 'நீயுமாடி' என்று காறித் துப்பாத குறையாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

இப்படி இருக்கையில்தான் கொழுந்தன் வந்தான். தூதரின் தம்பி. மாகாண அரசின் தொழில்துறையில் வெளிநாட்டு ஒத்துழைப்புப் பிரிவுக்குத் துணை இயக்குநர். வாழ்க்கையில் ஒரு பென்சிலைக்கூட யாருக்கும் விற்றறியாதவன். கடைக்குள் நுழைந்தவன், அவள் மார்பிள் மாதிரியைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பொருட்படுத்தாமல் சொன்னான்:

"அண்ணி, அவசரமா ஒரு நாடு வேணும்."

"எதுக்கு?"

"கையெழுத்துப் போட. வருஷம் முடியப்போகுது. பக்கத்து மாகாணத்துக்காரன் நாலு நாட்டோட ஒப்பந்தம் போட்டுட்டான். நம்ம மந்திரி பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். பெரிய நாட்டுக்காரன் எவனும் லெட்டருக்கே பதில் போடமாட்டேங்கிறான். அண்ணனோட நாடு சும்மாத்தானே இருக்கு?"

"சரி, அவங்ககிட்ட நாம என்ன வாங்கப்போறோம்? அவங்களுக்கு என்ன விக்கப்போறோம்?"

கொழுந்தன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "அண்ணி, இது வியாபாரம் இல்ல. வர்த்தக உறவு."

மாடியிலிருந்து தூதர் இறங்கி வந்த வேகத்தில் இரண்டு படியைத் தவறவிட்டார். அன்று சாயங்காலமே கடிதம் போனது. அந்த நாட்டிலிருந்து நான்கே நாளில் பதில் வந்ததைப் பார்த்து அண்ணனும் தம்பியும் பூரித்துப்போனார்கள். டைல்ஸக்காவுக்கு அது உறுத்தியது. அவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்றுதானே அர்த்தம்?

வந்தது ஐந்து பேர். உயரமான துணை அமைச்சர் ஒருவர், அவருக்கு இரண்டு செயலாளர்கள், ஒரு போட்டோக்காரர், அவர்கள் நாட்டு வணிகச் சங்கத்தின் தலைவி. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டையான உருவம், முண்டும் முடிச்சுமான விரல்கள். தேக்கில் ஜன்னல் சட்டமும் கதவும் செய்யும் பட்டறை ஒன்று அவளுக்குச் சொந்தம். பெயர் வாயில் நுழையாததால் டைல்ஸக்கா அவளைச் சங்கத்தம்மா என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். நீள மேஜையில் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே குட்டிக் கொடிகள். தூதரின் துணைவியார் என்று சீட்டு எழுதிய நாற்காலியில் டைல்ஸக்கா உட்கார்ந்திருந்தாள். தொழில் மந்திரி எழுந்து இரண்டு மக்களுக்கும் நடுவே ஆயிரம் வருஷத்து உறவு என்றார். போன மாசம் வரை அவர் அந்த நாட்டை வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தார் என்பது கொழுந்தன் சொல்லி அவளுக்குத் தெரியும். பிறகு விளக்கை அணைத்து மாகாணத்தைப் பற்றிய படம் ஓட்டினார்கள்: மேலே இருந்து எடுத்த சாலை, மேலே இருந்து எடுத்த ஆறு, சிரிக்கும் தொழிலாளி. அடுத்து அவர்கள் படம். மேலே இருந்து எடுத்த சாலை, மேலே இருந்து எடுத்த கடற்கரை, சிரிக்கும் தொழிலாளி. இரண்டுக்கும் பின்னால் ஓடிய பாட்டு ஒன்றேதான். யாரோ ஒரே கடையில் வாங்கியிருக்கிறார்கள். அதைக் கவனித்தது மண்டபத்தில் இரண்டே பேர். டைல்ஸக்கா நிமிர்ந்து பார்க்க, எதிர்ப்பக்கத்தில் சங்கத்தம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வாங்க வருகிறவன் அளவோடு வருவான். குளியலறை எத்தனை அடி, கதவு எந்தப் பக்கம் திறக்கும், தண்ணீர் எந்த மூலைக்கு ஓட வேண்டும் என்று அழுக்குத் தாளில் கோணல்மாணலாக எழுதிக்கொண்டு வருவான். விலையைக் கேட்டு முகத்தைச் சுளிப்பான். வேடிக்கை பார்க்க வருகிறவன் எல்லாவற்றையும் அருமை என்பான், கேட்லாக் வாங்கிக்கொள்வான், அடுத்த மாசம் வருகிறேன் என்பான். மண்டபத்தில் அன்று ஒரு வாயிலிருந்தும் அளவு வரவில்லை. விலை வரவில்லை, தேதி வரவில்லை. அருமை மட்டும் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டு பக்கமும் கேட்லாக்கைக் கட்டுக்கட்டாகப் பரிமாறிக்கொண்டார்கள்.

மறுநாள் தொழிற்பேட்டையைக் காட்ட அழைத்துப்போனார்கள். பேட்டை என்பது வெறும் பொட்டல். சுவரே இல்லாத இடத்தில் பெரிய கேட் மட்டும் இருந்தது. அதைத் திறந்துவிடக் காவலாளி ஒருவர் இருந்தார். எல்லோரும் பக்கத்தில் திறந்த வெளியிருக்க, வரிசையில் நின்று கேட் வழியாகவே உள்ளே போனார்கள். துணை அமைச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லாததால், "காற்று நல்லா இருக்கு" என்றார். கொழுந்தன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

அன்று மத்தியானம் சங்கத்தம்மா தனியாகக் கடைக்கு வந்தாள். வந்தவுடன் கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து ஒரு வாஷ்பேசினின் உயரம், அகலம், சுவரிலிருந்து தள்ளி நிற்கும் தூரம் எல்லாவற்றையும் அளந்தாள். டைல்ஸக்காவுக்கு அந்த இடத்திலேயே அவள்மேல் மரியாதை பிறந்துவிட்டது. நாற்காலி போட்டு டீ வரவழைத்தாள். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது மொழி ஒன்றைத் தவிர வேறு வழியில்லை. இருவரும் அதைப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பாதியை மறந்தவர்கள். மீதிப் பாதி பேசப் போதுமானதாக இருந்தது.

வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதிலிருந்து புருஷன்மார்கள் வரை ஒரு சுற்றுப் பேசிவிட்டு, சங்கத்தம்மா சாதாரணமாகக் கேட்டாள்: "ஆமா, உங்க அரசாங்கம் பணத்தை எப்ப அனுப்பும்?"

"எந்தப் பணம்?"

"முதலீடு. எங்க ஊர்ல துறைமுகத்தை நீங்கதானே பெருசாக்கப்போறீங்க? பணக்கார மாகாணம், கொட்டிக் குடுக்கப்போறாங்கன்னு சொல்லித்தானே எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க."

டைல்ஸக்கா டீயைக் கீழே வைத்தாள். "நீங்க எங்களுக்குக் கொட்டப்போறீங்கன்னு இல்ல நாங்க உக்காந்திருக்கோம்! அந்தப் பொட்டல்ல நீங்கதான் ஆலை கட்டப்போறீங்களாம்."

சங்கத்தம்மா கைப்பையிலிருந்து தங்கள் பக்கத்துக் குறிப்பை எடுத்தாள். டைல்ஸக்கா மாடிக்குப் போய்த் தூதர் மேஜையிலிருந்த குறிப்பை எடுத்துவந்தாள். இரண்டையும் டைல்ஸ் பெட்டிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒருத்திக்கு ஒருத்தி விளக்கிச் சொன்னார்கள். சந்தேகமே இல்லை. இரண்டு பக்கமும் விருந்தாளி. சமைக்க ஒருத்தரும் இல்லை.

முதலில் சங்கத்தம்மாதான் சிரித்தாள். பிறகு இரண்டு பேருக்கும் அடக்க முடியவில்லை. "ரெண்டு நாளா ஒருத்தர் சட்டைப்பையை ஒருத்தர் பார்த்துக்கிட்டே கைகுலுக்கியிருக்காங்க!" என்றாள் டைல்ஸக்கா. குழாய் வாங்க வந்தவர் என்னவோ ஏதோ என்று வெளியே போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கத்தம்மா எழுந்தாள். "நான் எங்க ஆளுகிட்ட சொல்றேன். நீ உங்க ஆளுகிட்ட சொல்லு. நாளைக்குக் கையெழுத்து. அதுக்குள்ள நிறுத்திடலாம்."

அண்ணனும் தம்பியும் மாடியில்தான் இருந்தார்கள். யார் எங்கே உட்காருவது என்று சதுரம் சதுரமாகத் தாளில் வரைந்துகொண்டிருந்தார்கள். டைல்ஸக்கா விஷயத்தைச் சொல்லி முடித்தாள். தூதர் முகம் வெளுத்தது. கொழுந்தன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும் அண்ணி" என்றான். "முந்தாநேத்தே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மந்திரி பேச்சு அச்சாகிடுச்சு. போட்டோகிராபருக்குச் சொல்லியாச்சு. இதப் படிங்க." ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். இருதரப்பு நல்லுறவின் அடிப்படையில் ஐயாயிரம் கோடி அளவுக்கு முதலீடு செய்யப்படும் என்றிருந்தது. "யார் செய்வாங்கன்னு எங்கயாவது இருக்கா? பாருங்க. செய்யப்படும். அவ்வளவுதான். அவங்க மொழியிலயும் இதே மாதிரி வினை ஒண்ணு இருக்காம், விசாரிச்சுட்டேன். இந்த ஒரு வரிக்கு மூணு நாள் உக்காந்தேன் அண்ணி."

படிப்பில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி நின்றான். இவ்வளவு மூளை இருந்து என்ன பிரயோஜனம் என்று டைல்ஸக்காவுக்குத் தோன்றியது. இதில் கால்வாசியை வைத்து ஒரு பெட்டிக்கடை நடத்தியிருந்தால்கூட நாலு பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

"ஐயாயிரம்னு யார் சொன்னது?"

"பக்கத்து மாகாணத்துக்காரன் நாலாயிரம் போட்டிருக்கான்."

அவள் புருஷனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

தூதர் தாளிலிருந்த சதுரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ கடையைப் பாரு. இதெல்லாம் உனக்குப் புரியாது."

மறுநாள் காலை மண்டப வாசலில் சங்கத்தம்மா அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவளுடைய துணை அமைச்சரும் அதையே சொல்லியிருந்தார், வேறு மொழியில். உள்ளே தோல் உறை போட்ட இரண்டு கோப்புகள், இரண்டு பேனாக்கள். தொழில் மந்திரி ஐயாயிரம் கோடி என்று ஒலிபெருக்கியில் சொன்னார். இந்தப் பக்கம் கைதட்டினார்கள். மொழிபெயர்ப்பு காதில் விழுந்ததும் அந்தப் பக்கம் இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒருவரின் தாராளத்தை ஒருவர் மெச்சிக்கொண்டு தலையசைத்தார்கள். தூதர் அழுதேவிட்டார். டைல்ஸக்கா தட்டவில்லை. ஆனால் எழுந்து நின்று 'இது பொய்' என்று சொல்லவும் இல்லை. போட்டோவில் அவளும் இருந்தாள், கடைசி வரிசையில்.

கையெழுத்தான மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது. இருபதாயிரம் பேருக்கு வேலை என்று தலைப்பு. அந்த எண்ணை யார் போட்டார்கள் என்று கொழுந்தனுக்கே தெரியவில்லை. ஆனால் அவன் மறுக்கவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கடை திறக்க வந்தபோது ஷட்டருக்கு முன்னால் வரிசை நின்றது. கையில் சான்றிதழ்கள், பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பங்கள். படித்து முடித்த பெண்கள், ஆலை மூடி வேலை போன எலக்ட்ரீஷியன்கள், மகளுக்காக வந்த அப்பாக்கள். தூதர் மலர்ந்துபோனார். ஒரு வருஷமாக மை காய்ந்து கிடந்த முத்திரைக்கு வேலை வந்துவிட்டது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஓங்கி ஒரு குத்து. குத்தியதை டைல்ஸ் அட்டைப்பெட்டிக்குள் போட்டார். ஒரு மாசத்தில் நாலு பெட்டி நிரம்பியது.

"இத வாங்கி என்னங்க பண்ணப்போறீங்க?"

"அனுப்பணும்."

"யாருக்கு?"

"அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

வரிசையில் ஒருநாள் அவளுக்குத் தெரிந்த கொத்தனார் நின்றார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவர் பதித்த டைல்ஸில் இடுக்கு நூல் பிடித்த மாதிரி போகும். எந்த வீட்டுக்காரரும் சரக்கு எடுத்ததும் 'அந்தக் கொத்தனாரையே அனுப்புங்க' என்பார். அன்று சலவைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தார்.

"நீங்க எங்க இங்க? ஆஸ்பத்திரியில எட்டு பாத்ரூம் வேலை குடுத்திருந்தேனே?"

"அத வேற ஆளுக்கு விட்டுட்டேங்கா. இனிமே தரையில குந்தி உக்காந்து முட்டி தேயணுமா? ஃபாரின் ஃபேக்டரியில சூப்பர்வைசருக்குப் போட்டிருக்கேன். அவங்க பாஷை சொல்லிக்குடுக்கற கிளாஸுக்கும் போறேன்." அந்த மொழியில் 'நலமா?' என்று கேட்டும் காட்டினார். கிளாஸ் நடத்துகிறவன் அதைக் கற்றுக்கொண்டே மூன்று வாரம்தான் ஆகிறது என்று அவளுக்குத் தெரியும்.

டைல்ஸக்கா அவரைக் குழாய் அடுக்குக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சொன்னாள். "கொத்தனாரே, நான் சொல்றதக் கேளுங்க. ஃபேக்டரி வராது. அவங்ககிட்ட பணமே இல்ல. நம்மகிட்டயும் இல்ல. சும்மா கையெழுத்துப் போட்டாங்க."

கொத்தனார் வரிசையில் தன் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். "உங்களுக்குப் பதிக்க ஆள் கெடைக்காதுன்னு சொல்றீங்க."

"அய்யோ, இல்லங்க..."

"பரவாயில்லக்கா. எல்லாரும் அவங்கவங்க பொழப்பத்தானே பாக்கணும்." மறுபடி வரிசையில் போய் நின்றுகொண்டார். பின்னால் நின்ற ஒருவர் உரக்கவே சொன்னார்: "சொந்தக்காரங்களுக்கு ஒதுக்கி வச்சிருப்பாங்க. அதான் நம்மள வெரட்டப் பாக்கறாங்க." நாலைந்து பேர் திரும்பி அவளை முறைத்தார்கள்.

பொய் சொன்னவர் மாடியில் மரியாதையோடு உட்கார்ந்திருக்க, உண்மையைச் சொன்னவள் கீழே கள்ளியானாள். இதுவரை அவளுடைய இளக்காரம் மந்திரிமேல், கொழுந்தன்மேல், புருஷன்மேல் இருந்தது. இப்போது அந்த வரிசையின் மேலும் கொஞ்சம் திரும்பியது. இப்படியா ஏமாறுவார்கள் என்று எரிச்சல் வந்தது. உடனே, முச்சந்தியில் தன் தலைமுடிக்குப் போன கை நினைவுக்கு வந்து அந்த எரிச்சலை முழுங்க வைத்தது.

அந்த வாரம் சங்கத்தம்மா போன் செய்தாள். "இங்கயும் வரிசை நிக்குது. உங்க மாகாணம் துறைமுகம் கட்டுதாம், மீன்காரங்க படகை வித்துட்டு க்ரேன் ஓட்டப் பழகுறாங்க. அதெல்லாம் வராதுன்னு நான் பேசினேன். சங்கத்துலேர்ந்து தூக்கிட்டாங்க." இந்தத் தடவை இரண்டு பேரும் சிரிக்கவில்லை. "படகை வித்துட்டாங்களா?" என்று மட்டும் டைல்ஸக்கா கேட்டாள். "ஆறு பேர்" என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டு டைல்ஸக்கா வாசலுக்கு வந்தாள். வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். மொழி வகுப்பில் கொடுத்த ஏதோ சான்றிதழைச் சேர்ப்பதற்காகக் கொத்தனாரும் வந்திருந்தார். "எல்லாரும் மாடிக்கு வாங்க. தூதர் ஒப்பந்தத்தைப் படிச்சுக் காட்டுவார்" என்றாள்.

நாற்பது பேரும் படியேறினார்கள். அறை கொள்ளவில்லை. தூதர் எழுந்து நின்றார். முதலில் இதைப் பாராட்டு என்று நினைத்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். டைல்ஸக்கா தோல் உறைக்குள்ளிருந்த பிரதியை எடுத்து நடுப்பக்கத்தைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள்.

"படிங்க."

படித்தார். குரலில் ஏற்ற இறக்கத்தோடு நன்றாகவே படித்தார். முதலீடு செய்யப்படும் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"யார் செய்வாங்க?"

"இருதரப்பும்..."

"நம்ம பக்கம் எவ்வளவு?"

"அது வந்து..."

"அவங்க பக்கம் எவ்வளவு? எந்தத் தேதி? ஃபேக்டரிக்கு அஸ்திவாரம் எப்ப? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும்."

தூதர் தாளைப் புரட்டினார். முன்பக்கம் போனார், பின்பக்கம் வந்தார். அவரே அதை முழுசாகப் படிப்பது அன்றுதான் முதல் தடவை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கொழுந்தனுக்குப் போன் போட்டார், அவன் எடுக்கவில்லை. கடைசியில், யாரையும் பார்க்காமல், "பரிசீலனையில இருக்கு" என்றார்.

சொல்லிவிட்டோம், முடிந்தது என்று டைல்ஸக்கா நினைத்தாள். முன்னால் நின்ற ஒரு அப்பா தொண்டையைச் செருமினார். "சரிங்கம்மா. வரலைன்னா வராது. எதுக்கும் பாப்பாவோட விண்ணப்பம் இருந்துட்டுப் போகட்டும். ஒருவேளை வந்துட்டா?" அவருக்குப் பின்னால் மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இருந்துட்டுப் போகட்டும். ஒருவர்பின் ஒருவராகப் பெட்டியில் தாளை வைத்துவிட்டு இறங்கினார்கள். முத்திரை குத்தாமல் விட்டுவிட்டீர்களே என்று ஒரு பெண் திரும்பி வந்து கேட்டாள். தூதர் குத்திக்கொடுத்தார்.

டைல்ஸக்காவுக்கு வாயில் வந்த வார்த்தை எதுவும் சபையில் சொல்லக்கூடியது இல்லை. கீழே இறங்கினாள்.

கொழுந்தனுக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கிடைத்தது. அந்த நாட்டு ஜனாதிபதி தூதருக்கு ஒரு பதக்கம் அனுப்பினார். மாடியில் நடந்ததைப் பற்றித் தூதர் இரண்டு வாரம் பெண்டாட்டியிடம் பேசவில்லை. பதக்கம் வந்த அன்று பேசினார், அதை எங்கே மாட்டலாம் என்று கேட்க. "எங்க வேணா மாட்டுங்க, என் கண்ணுல படாம" என்றாள். அவர் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் மாட்டினார்.

கொத்தனார் ஒரு மாசம் கழித்து வந்தார். சலவைச் சட்டை இல்லை, சிமெண்ட் படிந்த பழைய சட்டை. ஆஸ்பத்திரி வேலையை எடுத்த ஆள் இரண்டு பாத்ரூமில் தண்ணீர் ஓடும் வாட்டத்தைத் தப்பாக வைத்துவிட்டாராம். உடைத்துப் பதிக்க இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒட்டுக்கலவை எடுக்க வந்ததாகச் சொன்னார். முன்போல் சிரித்துப் பேசவில்லை. அக்கா என்று கூப்பிடவும் இல்லை.

"என் விண்ணப்பம் மேல இருக்குல்ல? அது வேணும்."

டைல்ஸக்கா மாடிக்குப் போய்ப் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினாள். தூதர் சுழல் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது பெட்டியின் அடியில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தாள்.

கொத்தனார் அதை வாங்கி, மூலையில் ஒட்டியிருந்த போட்டோவை நகத்தால் பதமாகப் பெயர்த்தார். சலவைச் சட்டையோடு ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ. கிழியாமல் வந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"இது எனக்கு எதுக்கு? போட்டோ நல்லா வந்திருக்கு, அது மட்டும் போதும். நாலு மூட்டை ஒட்டுக்கலவை போடுங்க. வெள்ளை வேணாம், சாம்பல்."